சின்ன மீனுக்குத் தூண்டில் செட் கட்டுவது எப்படி? கிராப்பி செட்டில் ஜிலேபி நிற்கவில்லை

வாய்க்கால்மேடு:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மூலத்தரைத் தடுப்பணையிலிருந்து வரும் வாய்க்காலும் அந்தத் தண்ணீரை நம்பி நிறைகிற ஏரிகளும்தான் நான் தூண்டில் போடும் இடங்கள். கட்லா, விரால் என்று பெரிய மீனுக்குப் போகிறவர்கள் போகட்டும், எனக்கு உள்ளங்கை அகல ஜிலேபி, கெண்டை, மழை பிடித்தால் பனையேறி, இவை போதும். சின்ன மீனை மெல்லிய நரம்பில் பிடிப்பதில் கிடைக்கிற சந்தோஷம் தனி. அதைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் லீவுக்கு வந்தபோது ஒரு டப்பா நிறைய சாமான் கொடுத்துவிட்டுப் போனான். அங்கே கிராப்பி, புளூகில் என்று பிடிக்கிறார்களே, அந்தச் சின்ன மீன்களுக்கானவை. சிவப்பும் வெள்ளையுமாக உருண்டைத் தக்கை, ரப்பர் வால் வைத்த குட்டி ஜிக் (ஈயத் தலை வைத்த முள்), 4 பவுண்டு நரம்பு, விரலால் அழுத்தினால் நிமிர்ந்துவிடுகிற மெல்லிய 4-ஆம் நம்பர் முள். வீடியோவில் அவர்கள் கட்டுகிற மாதிரியே கட்டிப் போடுகிறேன். தக்கை லேசாக ஆடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது, எடுத்துப் பார்த்தால் முள்ளில் புழு இல்லை. ஜிக்கை ஜிலேபி சீண்டுவதே இல்லை. எப்போதாவது ஒன்று மாட்டினாலும் கரைக்குப் பக்கத்தில் வந்ததும் கழன்று போகிறது.

இன்னொன்று, ஏரி மதகுப் பக்கம் ஆழம் என் ராடின் நீளத்தைவிட அதிகம். மீன் அங்கேதான் அடியில் நிற்கிறது என்று தெரிகிறது, ஆனால் தக்கையை அவ்வளவு மேலே வைத்துக் கட்டினால் வீச முடிவதில்லை, நரம்பு முழுவதும் கையில் தொங்குகிறது.

முள் எந்த நம்பர், ஈயம் எவ்வளவு, முள்ளிலிருந்து எத்தனை தூரம் தள்ளி, ஆழத்துக்கு என்ன வழி? கையில் இருப்பது 7 அடி ஸ்பின்னிங் ராடும் சின்ன ரீலும். தேவையென்றால் நீளக் கழி வாங்கவும் தயார். கிராப்பிக்குக் கட்டுகிற செட்டில் நம்ம தண்ணீருக்கு ஆகிறது எது, ஆகாதது எது என்று யாராவது விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


ஆனைமலை ரோடு:

முதலில் அந்த உருண்டைத் தக்கையைக் கழற்றி வையுங்க. அது மிதக்கிற வேகத்துக்கு உள்ளங்கை ஜிலேபி அதைத் தண்ணீருக்குள் இழுக்கவே முடியாது. புழுவை வாயில் வைத்து இழுக்கும், கனம் தெரிந்ததும் துப்பிவிட்டுப் போய்விடும். நீங்க பார்க்கிற அந்த லேசான ஆட்டம் அதுதான். 4-ஆம் நம்பர் முள்ளும் இதற்குப் பெரிது. மற்றதை வாளையார் அண்ணன் வந்தால் சொல்வார், இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கலாம்.


வாளையார் கரை:

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கிராப்பி செட்டை அப்படியே எடுத்து நம்ம ஜிலேபிக்குப் போட்டால் வேலை செய்யாது, ஏனென்றால் இரண்டும் சாப்பிடுகிற விதமே வேறு. கிராப்பி சின்ன மீனைத் துரத்திப் பிடித்து விழுங்குகிற மீன், வாய் அகலம். அதனால் அங்கே 4-ஆம் நம்பர் முள்ளும், குட்டி மீன் மாதிரி ஆடுகிற ஜிக்கும் எடுபடும். ஜிலேபிக்கு வாய் சின்னது, உதடு தடிப்பு. பாசியையும் அடியில் கிடக்கிற மக்கலையும் பூச்சியையும் உரசி உரசித் தின்கிற மீன் அது. இரையை ஒரே விழுங்காக விழுங்காது. நுனியைப் பிடித்து இழுத்துப் பார்க்கும், விடும், மறுபடி பிடிக்கும். கெண்டையும் அப்படித்தான், இன்னும் சின்ன வாயோடு. ஆக நீ கட்டுகிற செட், மீன் இழுக்கும்போது எதிர்த்து இழுக்கவே கூடாது. மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முள்ளில் இருந்து தொடங்குவோம். ஜிலேபிக்கு 8 அல்லது 10, கெண்டைக்கு 12, வாய் ரொம்பச் சின்னதாக இருக்கிற இடத்தில் 14. நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், கடையில் கேட்கும்போது இது நினைவிருக்கட்டும். தண்டு நீளமான முள்ளாக வாங்கு, மீன் உள்ளே விழுங்கியிருந்தாலும் பிடித்துக் கழற்றச் சுலபம். புழுவை முழுசாகத் தொங்கவிடாதே. ஒரு அங்குலத்துக்கும் குறைவாகக் கிள்ளி, முள்ளின் வளைவு மறைகிற மாதிரி ஏற்றி, வால் அரை விரல்கடைக்கு மேல் வெளியே நீளாமல் பார்த்துக்கொள். வால் நீளமாகத் தொங்கினால் மீன் அதை மட்டும் கடித்துக்கொண்டு போகும், உனக்குக் காலி முள்தான் திரும்பி வரும். மாவு என்றால் மைதாவோ கோதுமையோ, கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் முள்ளில் நிற்கும். அவித்த கப்பையை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, மாவோடு சேர்த்துப் பிசைவதும் நம்ம பக்கம் நன்றாக எடுக்கிறது. தண்ணீரில் பாசி படர்ந்திருந்தால் அந்தப் பாசியையே முறுக்கி முள்ளில் சுற்றிப் போட்டுப் பார், ஜிலேபிக்கு அது தினசரிச் சாப்பாடு.

அடுத்தது தக்கையும் ஈயமும். இந்த இரண்டையும் பிரித்துப் பேசக்கூடாது, ஒன்றை ஒன்று சரிக்கட்ட வேண்டும். மயிலிறகின் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கொள். சூலனூர் பக்கமெல்லாம் மயிலுக்குப் பஞ்சமில்லை, தானாக உதிர்ந்து கிடக்கிற இறகு போதும், வேறு எந்த வழியிலும் இறகு தேடாதே. வீட்டில் ஒரு உயரமான ட்ரம்மில் தண்ணீர் நிரப்பி, செட்டை அப்படியே உள்ளே விடு. ஈயமணியை ஒன்றொன்றாகக் கடித்து வைத்துக்கொண்டே போ... கடித்து என்றால் பல்லால் இல்லை, குறடால். ஈயம் விஷம், பல்லால் அழுத்துகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் அன்னங்கள் ஈயமணியைத் தின்று செத்ததால் 1987-லேயே சின்ன ஈயங்களைத் தூண்டிலில் போடக்கூடாது என்று தடை செய்துவிட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம். தக்கையின் நுனி அரை அங்குலம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற வரைக்கும் ஈயம் சேர்க்க வேண்டும். அந்த நிலையில் ஒரு கெண்டைக் குஞ்சு மூச்சு விட்டாலும் தக்கை சொல்லிவிடும். மீன் இழுத்தால் தடையே இல்லாமல் முங்கும், அது துப்புவதற்குள் நீ சுண்டிவிடலாம்.

ஈயத்தை எல்லாம் ஒரே இடத்தில் குவிக்காதே. பெரும்பகுதியைத் தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவில் வை, கடைசி ஒரு பொடி ஈயத்தை மட்டும் முள்ளிலிருந்து ஒரு சாண் மேலே வை. இரை மெதுவாக இறங்கும், ஜிலேபி அடியிலிருந்து இரையைத் தூக்கினால் அந்தப் பொடி ஈயத்தின் கனம் தக்கையிலிருந்து இறங்கிவிடும், தக்கை முங்குவதற்குப் பதிலாக மேலே எழும்பிச் சாயும். இதைப் பலர் கடி என்றே எடுத்துக்கொள்வதில்லை. தக்கை படுத்தால் அந்த நொடியே சுண்டு.

கரைக்குப் பக்கத்தில் கழல்வதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முள் பெரிதாக இருப்பதால் உதட்டு ஓரத்தில் மட்டும் ஏறியிருக்கும். அல்லது ரீலின் ட்ராக், அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக் கொடுக்கிற திருகு, இறுக்கமாக இருந்து, மீன் கடைசியாகத் திமிறுகிறபோது நரம்பு கொடுக்காமல் வாய் கிழிந்திருக்கும். ட்ராக்கைத் தளர்த்தி வை, கையால் இழுத்தால் சிரமமில்லாமல் நரம்பு வர வேண்டும். 4 பவுண்டு நரம்பு தாங்குவது கிட்டத்தட்ட 1.8 கிலோ, உள்ளங்கை மீனுக்கு அது தாராளம். பின்னல் நரம்பு இந்த வேலைக்கு வேண்டாம், அது நீளாது, சின்ன மீனின் வாயைக் கிழித்துவிடும். சாதா தங்கூஸ் நரம்புதான் இதற்கு நல்லது, கொஞ்சம் நீண்டு கொடுக்கும்.

மதகுப் பக்க ஆழத்துக்கு நீ கேட்ட வழி அந்த அமெரிக்கக்காரர்களிடமே இருக்கிறது. ஓடுகிற தக்கை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பெரிய விஷயம் அதுதான், ஜிக் இல்லை. அதைப் பற்றி அங்கேயே இருக்கிற நம்ம ஆள் எழுதினால் இன்னும் நல்லது.


சித்தூர் டு டென்னசி:

கூப்பிட்டாச்சு, வந்துவிட்டேன் அண்ணா. ஊர் பாலக்காட்டுச் சித்தூர், வேலை அமெரிக்காவில் டென்னசியில். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு இங்கே ஏரிகளில் கிராப்பி பிடிக்கிறேன், அதனால் அந்த மீனைப் பற்றி முதலில் கொஞ்சம்.

கிராப்பியில் இரண்டு வகை, வெள்ளை, கறுப்பு. முதுகுத் துடுப்பில் முள்ளை எண்ணினால் வெள்ளைக்கு 5 அல்லது 6, கறுப்புக்கு 7 அல்லது 8. வட அமெரிக்காவுக்கே உரிய மீன், புளூகில் இருக்கிற அதே குடும்பம். பெரும்பாலும் அரைக்கிலோவுக்குள்தான் கிடைக்கும். 1957-ல் மிசிசிப்பியில் எனிட் அணைப் பக்கம் பிடித்த வெள்ளைக் கிராப்பி 5 பவுண்டு 3 அவுன்ஸ், அதாவது 2.3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதுதான் அந்த வகையில் உலக சாதனை. இதன் வாயோரம் காகிதம் மாதிரி மெல்லிசு. சுண்டி இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால்தான் இங்கே 10 அடி, 12 அடி என்று நீளமான, நுனி துவண்டு வளைகிற கழி வைத்திருக்கிறார்கள், மீன் கடித்தால் சுண்ட மாட்டார்கள், கழியை மெதுவாகத் தூக்குவார்கள், அவ்வளவுதான். உங்கள் டப்பாவில் இருக்கிற மெல்லிய முள்ளுக்கும் காரணம் உண்டு. கிராப்பி முங்கிக் கிடக்கிற மரக்கிளைகளுக்குள் கூட்டமாக நிற்கும், செட் அடிக்கடி கிளையில் மாட்டும், மெல்லிய கம்பி முள் என்றால் இழுத்ததும் நிமிர்ந்து கழன்று வந்துவிடும், நரம்பு அறாது. திரும்ப வளைத்துப் போட்டுக்கொள்ளலாம். ரீல்ஃபுட் ஏரி என்று ஒன்று இங்கே இருக்கிறது, 1811-12 நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து உண்டானது, தண்ணீருக்குள் சைப்ரஸ் மரங்களும் அடிக்கட்டைகளுமாக இருக்கும். அங்கே அந்த முள் இல்லாமல் போனால் டப்பா காலியாகத்தான் திரும்பும்.

அப்புறம் ஆழம். கிராப்பியின் கண் தலையின் மேற்புறம், அது மேலே பார்த்துச் சாப்பிடும். மீன் 3 மீட்டரில் நிற்கிறது என்றால் இரை இரண்டே முக்கால் மீட்டரில் தொங்க வேண்டும், அதற்குக் கீழே போனால் அது இறங்கி வந்து எடுப்பது அபூர்வம். அதனால் இங்கே ஆழத்தை அங்குல சுத்தமாக வைக்கிற பழக்கம் வந்தது, அதற்குத்தான் ஓடுகிற தக்கை.

ஓடுகிற தக்கை கட்டுகிற வரிசை இதுதான். ராடிலிருந்து வருகிற நரம்பில் முதலில் ஒரு நூல் முடிச்சு, அது நரம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஆனால் விரலால் தள்ளினால் நகரும். அதற்குக் கீழே துளை சின்னதாக இருக்கிற ஒரு பாசிமணி. அதற்குக் கீழே நடுவில் துளையுள்ள தக்கை, அது நரம்பில் தாராளமாக மேலும் கீழும் ஓட வேண்டும். பிறகு ஈயம், நரம்பு முறுக்காமல் சுழன்று கொடுக்கிற ஒரு சின்ன ஸ்விவல், அதிலிருந்து ஒன்றரை அடி மெல்லிய நரம்பு, முள். வீசும்போது தக்கை கீழே ஈயத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும், நூல் முடிச்சு ரீலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் 7 அடி ராடில் 15 அடி ஆழத்துக்கும் வீசலாம். தண்ணீரில் விழுந்ததும் ஈயம் நரம்பை இழுத்துக்கொண்டு இறங்கும், நூல் முடிச்சு மணியில் முட்டி, மணி தக்கையில் முட்டியதும் நின்றுவிடும். ஆழத்தை மாற்ற முடிச்சை நகர்த்தினால் போதும்.

ஈயம் போதாவிட்டால் நரம்பு தக்கைக்குள் இறங்காது, தக்கை படுத்தே கிடக்கும். இங்கே கிராப்பிக்குப் போடுகிற ஜிக் 1/32 அவுன்ஸ், 1/16 அவுன்ஸ் என்று இருக்கும், கிராமில் சொன்னால் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றே முக்கால். ஓடுகிற தக்கைக்கு ஒன்றே முக்கால் கிராமாவது ஈயம் இருந்தால்தான் கோளாறு இல்லாமல் இறங்கும்.

நம்ம ஜிலேபிக்கு நெருக்கமான மீன் என்று இங்கே சொன்னால் அது புளூகில்தான், கிராப்பி இல்லை. அதற்கும் சின்ன வாய், 8 அல்லது 10 முள், புழு, சிள்வண்டு. கோடையில் கரையோரம் வட்ட வட்டமாகக் குழி பறித்து முட்டையிடும். நம்ம ஏரியிலும் தண்ணீர் தெளிந்திருக்கும்போது ஆண் ஜிலேபி பறித்த வட்டக் குழிகள் தெரியும், ஆனால் முட்டையைப் பெண் வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும். அடைகாக்கிற பெண் இரை எடுப்பதில்லை. குழியைக் காவல் காக்கிற ஆண் கோபத்தில் எதையும் கடிக்கும், அதைப் பிடிப்பது எனக்குச் சம்மதமில்லை, உங்கள் விருப்பம்.


கோவிந்தாபுரம் செக்போஸ்ட்:

இரண்டு பேரும் சொன்னது நல்ல விவரம், ஆனால் ஓடுகிற தக்கையை எல்லா இடத்துக்கும் சிபாரிசு செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேள்வி கேட்டவர் இருப்பது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில். ஜூன் மாதத்திலிருந்து அங்கே அடிக்கிற காற்று டென்னசிக்காரருக்குத் தெரியாததல்ல, சித்தூரில் வளர்ந்தவர்தானே. ஓடுகிற தக்கையில் நரம்பு தக்கையின் உச்சி வழியாகப் போகிறது, தண்ணீருக்கு மேலே கிடக்கிற நரம்பைக் காற்று வில்லாக வளைத்துத் தக்கையையே இழுத்துக்கொண்டு போகும். இரையும் கூடவே நகரும். ஜிலேபி ஓடுகிற இரையைத் துரத்தாது.

ஆறடிக்குக் குறைவான ஆழத்தில், அதாவது வாய்க்காலிலும் ஏரி ஓரத்திலும், மயிலிறகுத் தக்கையை அடிமுனையில் மட்டும் நரம்போடு சேர்த்துக் கட்டுங்கள். சைக்கிள் வால்வு டியூபில் கால் அங்குலத் துண்டு ஒன்று வெட்டி, அதற்குள் நரம்பை நுழைத்து, தண்டின் அடிமுனையை அதில் செருகினால் முடிந்தது. வீசியதும் ராடின் நுனியைத் தண்ணீருக்குள் முக்கி இரண்டு சுற்று ரீலைச் சுற்றினால் நரம்பு முழுவதும் தண்ணீருக்கு அடியில் போய்விடும், காற்றுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஓடாத தண்ணீரில் இதுதான் சரி. வாய்க்காலில் ஓட்டம் இருந்தால் மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு என்று இரண்டு டியூப் போட்டுத் தக்கையை நட்டமாக வைக்க வேண்டும், அப்போதுதான் ஓட்டத்தில் நிதானமாகப் போகும். ஒரு ரூபாய் செலவில்லாத வேலை.

ஆழியாற்றுத் தண்ணீர் விஷயத்தையும் யாரும் தொடவில்லை. தமிழ்நாடு-கேரள ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டிஎம்சி சித்தூர்ப் புழை ஆற்றுக்கு வர வேண்டும், அது ஒரே சீராக வருவதில்லை, திறக்கும்போது வரும், மூடும்போது நிற்கும். வாய்க்காலில் நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று இடுப்பளவு, தண்ணீரும் கலங்கல். நேற்று வைத்த ஆழத்தை அப்படியே வைத்துப் போட்டால் இரை நடுத் தண்ணீரில் தொங்கும். போனவுடன் ஆழம் பார்க்காமல் யாரும் தூண்டில் போடக்கூடாது. முள்ளில் ஒரு கனத்த ஈயத்தை மாட்டி விடுங்கள். தக்கை முழுசாக முங்கினால் ஆழம் போதவில்லை, தக்கையை மேலே தள்ளுங்கள். படுத்தால் அதிகம், கீழே இறக்குங்கள். நுனி மட்டும் எட்டிப் பார்த்தால் இரை தரையைத் தொட்டு நிற்கிறது என்று அர்த்தம், ஜிலேபிக்கு அதுதான் வேண்டும். கெண்டைக்கு அங்கிருந்து ஒரு அடி மேலே. புதுத் தண்ணீர் வேகமாக வரும்போது மீன் நடு ஓட்டத்தில் நிற்காது, பாலத்துக் காலுக்குப் பின்னாலும் மதகு மூலையிலும் தண்ணீர் சுழன்று அடங்குகிற இடத்தில்தான் ஒதுங்கும். திறக்கிற நேரத்தில் வாய்க்காலுக்குள் இறங்கி நிற்கவே வேண்டாம், கரையில் நின்று போடுங்கள்.

பனையேறி பிடித்தால் செவுள் மூடியை விட்டுத் தள்ளிப் பிடியுங்கள், அது ரம்பம். கெளுத்தி மாட்டினால் அதைவிட ஜாக்கிரதை, மூன்று முள், குத்தினால் உயிர் போகிற வலி. குத்திவிட்டால் கை பொறுக்கிற அளவுக்குச் சூடான தண்ணீரில் வைத்திருந்தால் வலி அடங்கும், வீங்கினால் ஆஸ்பத்திரி.


வாய்க்கால்மேடு:

அண்ணன்மாரே, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. இப்போது புரிகிறது, வாய்க்காலுக்கு வால்வு டியூபும் மயிலிறகும், மதகு ஆழத்துக்கு ஓடுகிற தக்கை. இரண்டு சந்தேகம் மட்டும் மிச்சம். அந்த நூல் முடிச்சு எனக்கு நழுவிக்கொண்டே போகிறது, எந்த நூல், எப்படிக் கட்டுவது? அடுத்தது, தோப்பில் ஒரு குளம் இருக்கிறது, கிராப்பிக் குஞ்சு எங்காவது கிடைத்தால் விட்டு வளர்க்கலாமா? மாமா ஒருத்தர் கேட்கிறார்.


வாளையார் கரை:

நூல் முடிச்சு: தையல் மெஷினில் போடுகிற பாலியஸ்டர் நூலை இரண்டாக மடித்து எடு, பருத்தி நூல் ஊறினால் தொளதொளத்துவிடும். நரம்பின் மேல் நூலை நீளவாக்கில் வைத்து ஒரு வளையம் விடு. நூலின் ஒரு நுனியை அந்த வளையத்துக்குள்ளேயே விட்டு, நரம்பையும் சேர்த்து ஐந்து சுற்றுச் சுற்று. எச்சில் தொட்டு நனைத்துவிட்டு இரண்டு நுனியையும் பிடித்து மெதுவாக இறுக்கு. உலர்ந்த முடிச்சை இறுக்கினால் உரசலில் சூடேறி நரம்பு பலம் போகும், முள் கட்டும்போதும் இதே கதைதான், எப்போதும் நனைத்து இறுக்கு. நுனியை ஒட்ட நறுக்காதே, அரை அங்குலம் மிச்சம் விடு. ஒட்ட நறுக்கினால் அடிமுனை விறைத்துக்கொண்டு ராடின் வளையத்தில் தட்டும், நீளமாக விட்டால் மடங்கி உள்ளே போய்விடும். நழுவுகிறது என்றால் முடிச்சில் கோளாறு இல்லாமலும் இருக்கலாம், பாசிமணியின் துளை பெரிதாக இருந்தால் முடிச்சு மணிக்குள்ளேயே புகுந்து போகும். வளையல் கடையில் கிடைக்கிற பொடி மணிதான் வேண்டும்.

முள்ளுக்கு முடிச்சு: நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் கண்ணில் விட்டு, மடித்த நரம்பாலேயே ஒரு சாதா முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மிச்சமிருக்கிற வளையத்துக்குள் முழு முள்ளையும் நுழைத்து இறுக்கு. கண் தெரியாத அந்தி நேரத்திலும் கட்டலாம், அறுவதில்லை.

கிராப்பிக் குஞ்சு பற்றி மாமாவிடம் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல். தோப்புக் குளம் என்றாலும் பெருமழையில் கரை உடைந்தால் அது சித்தூர்ப் புழைக்கும் பாரதப்புழைக்கும்தான் போகும். 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளத்து ஆறுகளில் அமேசான் ராட்சத மீன் அரபைமாவும் முதலை மூஞ்சி கார் மீனும் வலையில் ஏறியதைப் பார்த்தோமே, யாரோ தொட்டியிலும் குளத்திலும் வளர்த்தவைதானே அவை. நம்ம ஜிலேபியே 1952-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், அது நுழைந்த எத்தனையோ குளங்களில் நாட்டுக் கெண்டை குறைந்து போனதை வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கிராப்பி குட்டி மீனைத் தின்கிற ஜாதி, விட்டால் அயிரையும் கெண்டைக் குஞ்சும் மிஞ்சாது. வெளிநாட்டு மீனை அரசு அனுமதி இல்லாமல் கொண்டுவருவதும் குற்றம். குளத்தில் போட ஆசையென்றால் கரிமீன் குஞ்சு கேட்டுப் பார், நன்னீரிலும் வளரும், கேரளத்தின் மாநில மீனே அதுதான், தூண்டிலுக்கும் அருமையாக வரும், 10-ஆம் நம்பர் முள்ளில் பாசியோ மாவோ போதும்.


சித்தூர் டு டென்னசி:

அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஜிக்கைத் தூக்கிப் போட வேண்டாம் தம்பி, ஏரி ஓரத்தில் புல் தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கிற இடத்தில் அதே சின்ன ஜிக்கை ஓடுகிற தக்கைக்குக் கீழே இரண்டடியில் தொங்கவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள், விரால் ஜாதியில் சின்னதான குறவை எடுக்கும். அது வேட்டையாடுகிற மீன், அதற்கு அசைவு பிடிக்கும். அந்த 4-ஆம் நம்பர் மெல்லிய முள்ளையும் அங்கே போடலாம், ஆனால் பெரிய விரால் எடுத்தால் நிமிர்ந்துவிடும், அதற்கு இது ஆகாது.


வாய்க்கால்மேடு:

மாமாவிடம் சொல்லிவிட்டேன், கரிமீனுக்குச் சம்மதித்துவிட்டார். நீளக் கழி வாங்கலாம் என்று இருக்கிறேன், 12 அடி கார்பன் கழி ஒன்று பொள்ளாச்சியில் ஒரு கடையில் பார்த்தேன், லேசாக இருந்தது. வாங்கலாமா?


ஆனைமலை ரோடு:

வாய்க்கால் ஓரத்துக்கு 12 அடி கழி நல்லதுதான், ரீல் இல்லாமலே போடலாம், நுனி மெல்லிசாக வளைகிறதா என்று கடையிலேயே பிடித்துப் பாருங்க. ஆனால் ஒன்று. கார்பனில் கரண்ட் பாயும். நம்ம பக்கம் வாய்க்கால் கரை நெடுக மோட்டார் லைன் தாழ்வாகப் போகிறது, சில இடத்தில் கம்பி தொங்கிக்கொண்டே இருக்கும், உயர் அழுத்தக் கம்பி என்றால் கழி தொட வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே தாவும். மீனை மேலே தூக்குகிற வேகத்தில் தலைக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. கம்பி போகிற இடத்தில் கழியை நீட்டவே நீட்டாதீங்க, கரையில் நடக்கும்போது மடக்கிக் கையில் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு போங்க. ஏரியில் போடுவதற்கு முன்னால் மீன் குத்தகை யார் பேரில் இருக்கிறது என்று பஞ்சாயத்தில் கேட்டுக்கொள்ளுங்க, தூண்டிலுக்குச் சில இடத்தில் விடுகிறார்கள், சில இடத்தில் விடுவதில்லை. கம்பி இல்லாத நல்ல வளைவு ஒன்று கம்பாலத்தறை ஏரிக்குப் போகிற வழியில் வாய்க்காலில் இருக்கிறது, பாலத்துக்குக் கீழே இடது பக்கம் தண்ணீர் சுழன்று நிற்கும், அங்கே போட்டுப் பாருங்க.